மேலயும் கிணத்துக்கையும் போற யூரியா: வாசகர் கேள்வி பதில்

போன இதழில நெட் சீரோ கமம், அதாவது உலகத்தைச் சூடாக்கிற வாயுவைக் குறைக்கிற கமம் எண்டு ரெண்டு வரி எழுதினதுக்கு வந்த கேள்வியள் கனக்க. ஒரே மாதிரிக் கேட்டதுகளைச் சேத்து, கமத்தோட நேரடியாச் சம்பந்தப்பட்டதுகளுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுறன்.

கேள்வி: நாங்கள் வெங்காயமும் வாழையும்தான் செய்யிறம். எங்கட தோட்டத்தில புகைக்குழாய் ஒண்டும் இல்லை. நாங்கள் என்ன பெரிசா உலகத்தைச் சூடாக்கிறம்? இந்த நெட் சீரோ எண்டதுதான் என்ன? (தோட்டக்காரர், நீர்வேலி)

பதில்: அண்ணை, புகை கண்ணுக்குத் தெரியாததாலதான் நாங்கள் இதை யோசிக்காமல் விட்டிட்டம். 50 கிலோ யூரியா பை ஒண்டை எடுங்கோ. அதில 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. போட்டுத் தண்ணி விட்டோடன அது முழுக்க வெங்காயத்துக்குப் போறேல்லை, பயிர் எடுக்கிறது பாதி அளவுதான், மிச்சத்தில ஒரு பங்கு அமோனியாவா மேல போகும், ஒரு பங்கு நைத்திரேற்றா மாறித் தண்ணியோட கீழ இறங்கும், இன்னும் கொஞ்சத்தை மண்ணில இருக்கிற நுண்ணுயிர் நைதரசு ஒட்சைட்டு எண்ட வாயுவா மாத்திவிடும். அந்தக் கொஞ்சம் போட்ட நைதரசனில நூறில ஒரு பங்கு அளவுதான், ஆனா அந்த வாயு காபனீரொட்சைட்டை விட 270 மடங்கு அளவு சூட்டைப் பிடிச்சு வைக்கிறது. கணக்குப் பாத்தா ஒரு பை யூரியாவால வாறது கிட்டத்தட்ட 100 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமன். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிச்சா இரண்டரைக் கிலோ அளவு வரும், அப்ப ஒரு பை யூரியா எண்டது 40 லீற்றர் மண்ணெண்ணெயில இறைப்பு மிசின் ஓட்டின மாதிரி. அந்த யூரியாவைச் செய்யிற பக்டரியில எரிஞ்ச இயற்கை வாயுவை நான் இதில சேக்கேல்லை.

நெட் சீரோ எண்டா உலகத்தைச் சூடாக்கிற வாயுவை நாங்கள் விடுறதை ஏலுமான மட்டும் குறைச்சு, குறைக்க ஏலாத மிச்சத்தை மரமும் மண்ணும் திருப்பி உறிஞ்சிற அளவுக்குக் கொண்டு வாறது. 2050க்குள்ள அந்த நிலைக்கு வருவம் எண்டு இலங்கையும் உலகத்துக்குச் சொல்லியிருக்கு. மனிசர் விடுற வாயுவில மூண்டில ஒரு பங்கு அளவு சாப்பாட்டைச் சுத்தித்தான் வருது, காடு வெட்டுறதில இருந்து குப்பையில கொட்டுற சோறு வரைக்கும் சேத்து.

ஆனா எனக்கு யூரியா எண்டோடன முதல்ல ஞாபகம் வாறது கிணறுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில எங்களுக்கு ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரியில மட்டும்தான் ஓடும், குடிக்கிறது, குளிக்கிறது, தோட்டத்துக்கு இறைக்கிறது எல்லாம் அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள தேங்கி நிக்கிற மழைத்தண்ணிதான். வலிகாமத்துச் செம்மண் தண்ணியை உடன கீழ விடும். குடிதண்ணியில ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல இருக்கக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் கனக்கத்தில அதைத் தாண்டிப் போயிருக்கு. அந்தத் தண்ணியில பால்மா கரைச்சுக் குடுத்தா கைக்குழந்தையின்ர இரத்தம் ஒட்சிசனைக் காவுறது குறையும், உடம்பு நீலம் பூக்கும். மேல போறதும் கீழ இறங்கிறதும் ஒரே யூரியா அண்ணை, நீங்கள் காசு குடுத்து வேண்டினது. ஆகாயத்துக்காகச் செய்யாட்டிலும் கிணத்துக்காகச் செய்யலாம், ரெண்டுக்கும் வேலை ஒண்டுதான்.

கேள்வி: 2021இல ஒரே நாளில பசளையை நிப்பாட்டி எங்களை நடுத்தெருவில விட்டவை. இப்ப நெட் சீரோ எண்டு சொல்லித் திரும்பவும் அதைத்தான் செய்யப்போகினமோ? (இளம் கமக்காரர், மட்டுவில்)

பதில்: தம்பி, உங்கட பயம் நியாயமானது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்திச்சினம், கார்த்திகைக்குள்ள தளர்த்த வேண்டி வந்திட்டுது, அதுக்குள்ள காலபோகத்துக்குத் தேவையான நேரம் போயிட்டுது, நெல்லு விளைச்சல் பலமா விழுந்து அரிசியை வெளியில இருந்து இறக்கினது. அது நெட் சீரோவுக்கான வழியே இல்லை. எருவைச் சேர்க்க, மண்ணைத் தேத்த வருசக்கணக்கு வேணும், அந்த அவகாசத்தைக் குடுக்காமல் கமக்காரன்ர தலையில சுமத்தினது பெரிய பிழை எண்டு நான் அப்பவும் சொன்னனான், இப்பவும் சொல்லுறன்.

எங்களுக்கு அதுக்கு முந்தின அனுபவமும் இருக்கு. 90களில பொருளாதாரத் தடைக்காலத்தில யூரியாவும் வராது, மண்ணெண்ணெயும் ஆனை விலை. எங்கட ஐயா வண்டில் கட்டிக்கொண்டு போய் மாட்டெரு ஏத்துவார், பூவரசங்குழையும் வேப்பங்குழையும் பனையோலையும் வெட்டித் தாட்டுத்தான் தோட்டம் செய்தவர். விளைச்சல் குறைஞ்சதுதான், அதை மறைக்க மாட்டன். ஆனா பேந்து யூரியா வந்த நேரம் முந்திப் போட்டதில பாதிதான் அவர் போட்டவர், வெங்காயம் குறையேல்லை. நிப்பாட்டுறது வேற, வீணாக்காமல் விடுறது வேற. நான் கேக்கிறது ரெண்டாவதை.

கேள்வி: அப்ப எங்க தொடங்கிறது? எங்கட வீட்டுக்காரர், பக்கத்துத் தோட்டக்காரர் யூரியா போட்டா தானும் போடுவார். (இல்லத்தரசி, உரும்பிராய்)

பதில்: தங்கச்சி, கனவீட்டில நடக்கிறது இதுதான். முதல்ல மண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கோ, விவசாயப் போதனாசிரியரைக் கேட்டா எங்க குடுக்கிறது எண்டு சொல்லுவார். பேந்து ஒரே தரத்தில அள்ளி எறியாமல் பயிர் கேக்கிற நேரம் பாத்துப் பிரிச்சுப் போட வேணும், போட்ட பிறகு பாத்தி நிரம்பி வழிய இறைக்கக்கூடாது, வேருக்குக் கீழ போற ஒவ்வொரு வாளித் தண்ணியும் நைதரசனைக் கொண்டுதான் போகும். வெங்காயத்துக்கு அடுத்த போகம் பயறோ உழுந்தோ போட்டா அதுகள் காத்தில இருந்தே நைதரசனைப் பிடிச்சு மண்ணுக்குக் குடுக்கும். ஒண்டு மட்டும் கவனம், எரு எண்டா எவ்வளவும் போடலாம் எண்டு நினைக்கிறவை இருக்கினம், கோழியெருவை அளவில்லாமல் கொட்டினாலும் அதே நைத்திரேற்றுத்தான் கிணத்துக்கு இறங்கும். குழை வெட்டிப் புதைக்கிறதில அந்தப் பயம் குறைவு, அது ஆறுதலா உக்கும், செம்மண்ணுக்குக் காபனும் சேரும். வேலியில பூவரசும் கிளுவையும் நிண்ட காலத்தில பசளைக்கடை எங்கட வேலியிலயே இருந்தது, இப்ப மதில் கட்டி அதையும் இழந்திட்டம்.

கேள்வி: வயலிலயும் வாயு வருதாமே? தண்ணி நிண்டாத்தானே நெல்லு. (வயல்காரர், வட்டக்கச்சி)

பதில்: ஓம், தண்ணி கட்டி நிக்கிற சேத்துக்குள்ள காத்துப் போகாது, அங்க வாழுற நுண்ணுயிர் மெதேன் விடும், அது நூறு வருசக் கணக்கில காபனீரொட்சைட்டை விட 27 மடங்கு அளவு சூடு கூட்டும். குடாநாட்டில புழுதியில விதைச்சு மழையை நம்பியிருக்கிற வயலில இது குறைவு, எங்களால தண்ணியைக் கட்டுப்படுத்தவும் ஏலாது. ஆனா உங்களுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணி வருதெல்லே, சிறுபோகத்தில செய்து பாக்கலாம். பிலிப்பைன்சில இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பின முறை: ஓட்டை போட்ட குழாய்த் துண்டு ஒண்டை வயலில புதைச்சு, தண்ணி மண்மட்டத்துக்குக் கீழ 15 சென்ரிமீற்றர் இறங்கும் வரைக்கும் விட்டிட்டுத் திரும்பக் கட்டுறது. மெதேன் 30இல இருந்து 50 வீதம் வரைக்கும் குறையும், தண்ணியும் மிச்சம். பூக்கிற கிழமையில மட்டும் காய விடாதேங்கோ, யூரியாவையும் திரும்பத் தண்ணி கட்டுறதுக்குச் சற்று முன்னம் போடுங்கோ. வைக்கலைத் தண்ணி கட்டப்போற நேரத்தில உழுது விட்டா மெதேன் கூடும், எரிக்கிறது அதை விட அநியாயம், மாட்டுக்குக் குடுங்கோ.

கேள்வி: கனடாவில இருக்கிற மகள் மாட்டைக் குடு எண்டு சொல்லுறா, மாடு பூமியைக் கெடுக்குதாம். ரெண்டு மாடுதான் நிக்குது. (அம்மா ஒராள், புங்குடுதீவு)

பதில்: குடுக்க வேண்டாம் அம்மா. மகள் சொல்லுறது பொய் இல்லை, அசைபோடேக்க மாடு மெதேன் விடுந்தான், ஆனா அவ அங்க பாக்கிறது ஆயிரக்கணக்கில அடைச்சு வைச்சுத் தானியம் தீத்துற பண்ணையள். உங்கட ரெண்டு மாடும் வைக்கலையும் புல்லையும் திண்டிட்டு எரு தருது. ஏலுமெண்டா சாணத்தில இருந்து சமைக்கிற வாயு எடுக்கிற சின்ன உயிர்வாயுக் கலன் ஒண்டு கட்டுங்கோ, ஒரு நாளைக்கு 25 கிலோ சாணம் கிடைச்சா ஒரு கன மீற்றர் வாயு அளவு வரும், அது சிலிண்டரில வாற சமையல் காஸ் அரைக் கிலோவுக்குக் கிட்ட. 2022இல சமையல் காஸுக்கு வரிசையில நிண்டது ஆரும் மறந்திருக்க மாட்டினம். கழிவாய் வாற சாணித்தண்ணியும் நல்ல பசளை.

கேள்வி: மோட்டருக்குச் சோலார் போட்டா கரண்ட் காசும் இல்லை, வாயுவும் இல்லைத்தானே? (தோட்டக்காரர், அளவெட்டி)

பதில்: போடுங்கோ, எங்கட வெயிலுக்கு நல்லா வேலை செய்யும், நான் அதை முழுக்க ஆதரிக்கிறன். ஒரு கவலைதான் எனக்கு. முந்தி மண்ணெண்ணெய்க் காசு, கரண்ட் காசு எண்ட பயத்தில மோட்டரை நிப்பாட்டினாங்கள், சூரியன் சும்மா தருது எண்டோடன விடிய இருந்து பின்னேரம் வரைக்கும் ஓட விடுற ஆக்கள் வருவினம். எங்கட நல்லதண்ணி உவர்த்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டுதான் நிக்குது, அளவுக்கு மேல இழுத்தா கீழ இருக்கிற உவர் ஏறும், ஒருக்கா உவரான கிணறு திரும்ப நல்லாகிறதுக்கு எத்தினை மாரி வேணுமோ. அதால சோலாரோட சேத்து சொட்டுநீரோ ஸ்பிரிங்ளரோ போடுங்கோ, மோட்டருக்கு நேரக்கணக்கு வையுங்கோ. மாரிக்கு முன்னம் ஒருக்கா, பின்னம் ஒருக்கா கிணத்துத் தண்ணியைப் பரிசோதனைக்குக் குடுங்கோ, உவரை மட்டும் பாக்கச் சொல்லாமல் நைத்திரேற்றையும் சேத்துக் கேளுங்கோ. ரெண்டு தரமும் வந்த அளவை எழுதி எனக்கு அனுப்பினா அடுத்த போகத்துக்கு எவ்வளவு யூரியா குறைக்கலாம் எண்டு சேர்ந்து கணக்குப் பாப்பம்.