படகு ஒன்று, தேவை இரண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெளிநாட்டில் பணியாற்றிய காலத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்ட நான், இப்போது குடும்பத்துடன் சேலத்திலேயே தங்கிவிட்டேன். சென்னையில் கோடைப் பயிற்சி பெற்ற என் 14 வயது மகள் பந்தயங்களில் பங்கேற்க விரும்புகிறாள். மனைவியும் 9 வயது மகனும் விடுமுறை நாளில் எல்லோரும் சேர்ந்து உலா வந்தால் போதும் என்கிறார்கள். ஆனால் படகு கவிழ்ந்துவிடுமோ என்ற அச்சம் மனைவிக்கு உண்டு. லேசர், என்டர்பிரைஸ், வேஃபேரர், ஹோபி 16 ஆகிய நான்கு படகு வகைகளில் இரண்டு தேவைக்கும் பொருந்தும் ஒரே படகு எது? அவற்றின் வேகம் எப்படி?
— ஒரு வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் வேஃபேரரை வாங்குங்கள். ஆனால் அதை மகளின் பந்தயப் படகு என்று எண்ணி வாங்க வேண்டாம். பந்தயம் என்பது படகின் வேகத்தால் மட்டும் அமைவதன்று. ஒரே வகைப் படகுகள் பத்துப் பதினைந்து ஒரே நீரில், ஒரே காற்றில் கூடும்போதுதான் ஓட்டுபவரின் திறமை வெளிப்படுகிறது. மேட்டூர் நீர்ப்பரப்பில் தன்னந்தனியாக ஓடும் லேசர் எவ்வளவு விரைந்து சென்றாலும் அங்கே அதற்குப் பந்தயம் இல்லை. ஆகவே மகளுக்கு எந்தப் படகு என்பதை அவள் பயிற்சி பெறும் சங்கத்தில் எந்த வகை அதிகம் ஓடுகிறது என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். தொடக்கத்தில் சங்கத்தின் படகிலேயே அவள் ஓட்டட்டும். வளரும் வயதில் உடல் எடை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், இப்போது வாங்கும் பந்தயப் படகு இரண்டு ஆண்டுகளில் பொருந்தாமல் போகவும் கூடும்.

வேகத்தைப் பற்றியும் கேட்டிருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். படகு நீரைப் பிளந்துகொண்டு செல்லும் வரையில் அதன் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நீர்மட்டத்தில் படகுடலின் நீளம் எத்தனை அடியோ அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். லேசரின் நீர்மட்ட நீளம் 12.5 அடி, எனவே அதன் எல்லை ஏறத்தாழ 4.7 நாட். வேஃபேரர் அதைவிட நீளமானது. ஆகவே அதன் எல்லை 5 நாட்டுக்கு மேல் வரும். அப்படியானால் லேசரை வேகப் படகு என்று ஏன் சொல்கிறோம்? காற்று வலுக்கும்போது எடை குறைந்த படகு நீரைப் பிளப்பதை விட்டு, நீரின் மேல் எழுந்து வழுக்கி ஓடத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் மேற்சொன்ன கணக்கு அதைக் கட்டுப்படுத்தாது. லேசரின் படகுடல் 59 கிலோ, பாயின் பரப்பு 7.06 சதுர மீட்டர். ஓட்டுபவரையும் சேர்த்தால் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் ஏறத்தாழ 5 சதுர மீட்டர் பாய் கிடைக்கிறது. வேஃபேரரின் படகுடலே 168 கிலோ. அதில் நீங்கள் நால்வரும் ஏறி, சோற்று மூட்டையையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டால் 100 கிலோவுக்கு 3 சதுர மீட்டர் பாய்கூடக் கிடைக்காது.

இருந்தாலும் வேஃபேரரை மந்தமான படகு என்று ஒதுக்கிவிட வேண்டாம். வெவ்வேறு வகைப் படகுகள் கலந்து ஓடும் பந்தயங்களுக்காக பிரிட்டனில் போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் என்னும் எண் முறையைப் பின்பற்றுகிறார்கள். எடுத்துக்கொண்ட நேரத்தை 1000 ஆல் பெருக்கி, அந்தப் படகுக்குரிய எண்ணால் வகுத்துக் கிடைக்கும் நேரத்தை வைத்தே வெற்றி முடிவாகிறது. எண் சிறிதாக இருந்தால் படகு வேகமானது என்று பொருள். அந்தப் பட்டியலில் லேசரும் வேஃபேரரும் 1100ஐ ஒட்டி ஏறத்தாழ அருகருகே நிற்கின்றன. என்டர்பிரைஸ் அவற்றுக்குச் சற்றே பின்னால் வருகிறது. மிரர் என்னும் சிறு குடும்பப் படகின் எண் 1390க்கு அருகில். லேசர் 60 நிமிடத்தில் முடிக்கும் பந்தயத்தை மிரர் 75 நிமிடத்தில் முடித்தாலும், திருத்திய நேரத்தில் மிரர் அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாக முந்திவிடும். ஆனால் இந்த எண்கள் பழகிய இருவர் வேஃபேரரை ஓட்டும் நிலைக்கு உரியவை. குடும்பமே ஏறிய படகுக்கு உரியவை அல்ல.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். லேசரை வடிவமைத்தவர் புரூஸ் கர்பி. இன்று ஐ.எல்.சி.ஏ. என்ற பெயரில் பந்தயங்களில் ஓடும் இப்படகு 1996 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நம் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். அவர் ஓட்டியது இதன் ரேடியல் வகை, அதாவது நடுத்தர அளவுப் பாய் கொண்டது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் விஷ்ணு சரவணன் வெண்கலம் வென்றதும் ஐ.எல்.சி.ஏ. 7 (பெரிய பாய் கொண்ட வகை) படகில்தான். உங்கள் குடும்பத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு: ஒரே படகுடலில் மூன்று அளவுப் பாய்களைப் பொருத்தலாம். 4.7 சதுர மீட்டர் பாய் மகளுக்கு இப்போது பொருந்தும், வளர்ந்தபின் 5.76, உங்களுக்கு 7.06. எந்தப் பாயைப் பொருத்தினாலும் லேசர் ஒருவருக்கான படகுதான். நால்வர் சேர்ந்து உலா வருவது என்ற உங்கள் இரண்டாவது தேவைக்கு அது பயன்படவே படாது.

என்டர்பிரைஸ் ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்த இருவர் படகு, நீளம் 4.04 மீட்டர். 1982 ஆசிய விளையாட்டின் பாய்மரப் போட்டிகளிலும் இவ்வகை இடம்பெற்றது. நம் நாட்டில் நெடுங்காலமாக ஓடி வருவதால் பழைய படகும் உதிரிப் பொருளும் தேடினால் கிடைக்கும். தந்தையும் மகளும் சேர்ந்து பந்தயத்தில் இறங்க இது நல்ல படகு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் படகுடலின் அளவுக்குப் பாய் பெரிது. திடீர்க் காற்றில் சட்டென்று சாயும். கவிழ்ந்து நிமிர்ந்தபின் உள்ளே நிறைய நீர் தங்கிவிடும். கவிழ்வதை எண்ணி அஞ்சும் ஒருவரை முதல் நாளே இதில் ஏற்றினால் அவர் மறுபடி படகுப் பக்கமே வரமாட்டார்.

ஹோபி 16 இரட்டை உடல் படகு. எடை 145 கிலோ, அகலம் 2.41 மீட்டர். நடுப்பலகையே (படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நீருக்குள் இறக்கும் பலகை) இல்லாததால் ஆழமற்ற கரையிலும் இறக்கலாம். நான்கு படகுகளில் மிக வேகமானது இதுதான். ஆனால் ஏறியவர் அனைவரும் நனைவது உறுதி. கவிழ்ந்தால் நிமிர்த்துவதற்கு இரண்டு பெரியவர்களின் எடை வேண்டும். உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

வேஃபேரர் இயன் ப்ராக்டர் 1957இல் வடிவமைத்தது, நீளம் 4.82 மீட்டர். முன்னும் பின்னும் அடைப்பான காற்றறைகள் இருப்பதால் கவிழ்ந்தாலும் மூழ்காது. அவ்வறைகளிலேயே உணவையும் மாற்றுத் துணியையும் வைத்துக்கொள்ளலாம். ஃபிராங்க் டை என்பவர் இப்படகில் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரையும், மறு ஆண்டு நார்வே வரையும் கடலில் சென்றிருக்கிறார். மற்றவர்கள் பின்பற்றத்தக்க செயல் அன்று என்றாலும், படகின் உறுதிக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. உங்கள் மனைவியின் அச்சத்துக்கு நேரான மருந்து, பாயின் அடிப்பகுதியைச் சுருட்டிக் கட்டிப் பரப்பைக் குறைக்கும் வசதி. காற்று வலுக்கும் என்று தோன்றினால் கரையிலேயே சுருக்கிக் கட்டிக்கொண்டு புறப்படுங்கள். பாய்மர உச்சியில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டால் கவிழ்ந்த படகு தலைகீழாகிவிடாமல் பக்கவாட்டிலேயே நிற்கும். நால்வரும் லைஃப் ஜாக்கெட் அணிந்து, கரையோரத்தில் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். எத்தனை விளக்கம் கேட்டாலும் தீராத அச்சம் அதில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வேஃபேரர் கிடைக்காவிட்டால் பெயரில் பிடிவாதம் வேண்டாம். காற்றறை, சுருக்கும் பாய், மேலே மடங்கும் நடுப்பலகை, நால்வர் அமர இடம் ஆகிய நான்கும் உள்ள எந்தப் படகும் உங்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பாய்மரப் படகு ஓட்டுவதாக இருந்தால் அடியில் கீல் (மேலே தூக்க முடியாத நிலையான அடிப்பலகை) பொருத்திய படகு நல்லதா, நடுப்பலகைப் படகு நல்லதா? அனுமதி வேண்டுமா?
— ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது. நீர்த்தேக்கம் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளது. முதலில் அவர்களிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் அணையை ஒட்டிய பகுதிக்குச் செல்லவே வேண்டாம்.

படகைப் பொறுத்தவரை நடுப்பலகைதான், அதுவும் அச்சில் சுழன்று மேலே மடங்கும் வகை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. பாசனத்துக்கு நீர் திறந்தபின் மட்டம் பல அடி இறங்கிவிடுகிறது. அப்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைக் கொளத்தூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே தெரிந்தபின் அவற்றால் ஆபத்து இல்லை. நீருக்கு ஓரடி கீழே மறைந்திருக்கும் நாட்களில்தான் ஆபத்து. நிலையான கீல் மோதினால் படகு அங்கேயே நின்றுவிடும். லேசரில் இருப்பதுபோல் மேலிருந்து கீழே செருகும் பலகை மோதினால், பலகையோ அதைத் தாங்கும் கூடோ உடையக்கூடும். என்டர்பிரைஸ், வேஃபேரர் ஆகியவற்றின் பலகை மோதியவுடன் பின்னோக்கி மடங்கிவிடும். சுக்கானின் அலகும் அதேபோல் மடங்க வேண்டும். புறப்படுவதற்கு முன் பரிசல் ஓட்டுபவர்களிடம் எங்கே பாறை, எங்கே பழைய சுவர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நீரை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் யாரும் இல்லை.

காற்றைப் பற்றி ஒரு சொல். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று கொங்கு நாடு முழுவதும் வலுவாக வீசுகிறது. பழகியவருக்கு அது நல்ல காலம். குடும்பத்தோடு முதன்முதலாகச் செல்பவர்கள் அது தணியும் வரை காத்திருப்பதே நல்லது. நீர் இறங்கிய மாதங்களில் கரை சேறாகி வெகுதூரம் விலகிவிடும் என்பதால், 168 கிலோ படகை நீர் வரை தள்ளிச் செல்ல அகலமான சக்கரங்கள் கொண்ட வண்டியும் வேண்டும்.

கேள்வி: ஏற்காடு ஏரியில் என் 10 வயது மகனுக்கு ஆப்டிமிஸ்ட் படகில் பயிற்சி அளிக்க முடியுமா?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: படகு சரியான தேர்வு; ஏரிதான் பொருந்தாது. கிளார்க் மில்ஸ் 1947இல் வடிவமைத்த ஆப்டிமிஸ்ட் 15 வயது வரையுள்ள சிறுவர்களுக்கானது. எடை 35 கிலோ. ஆனால் ஏற்காடு ஏரி சிறியது. சுற்றிலும் மேடும் மரங்களும் இருப்பதால் காற்று ஒரு திசையில் நிலைத்து வீசாமல் சுழன்று வரும். மிதிபடகுகளின் நெரிசலும் உண்டு. காற்றின் திசையை உணர்வதுதான் சிறுவன் கற்க வேண்டிய முதல் பாடம். அந்தத் திசை நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் அவன் குழம்பிப்போவான். மலை உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே வேகக் காற்றிலும் பாய்க்குக் கிடைக்கும் விசை அந்த அளவுக்குக் குறையும். கோடை விடுமுறையில் சென்னைக்கு அனுப்புங்கள். முடிச்சுகள் போடவும், பாயைக் கழியில் கட்டவும் வீட்டு முற்றத்திலேயே இப்போதே கற்பிக்கலாம்.

கேள்வி: பழைய ஃபைபர் படகு ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: பளபளப்பைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். ஃபைபர் அடுக்குகளுக்கிடையிலும் மிதவைப் பஞ்சிலும் நீர் ஊறிய படகு, வகைக்குரிய எடையைவிடப் பல கிலோ கூடுதலாக இருக்கும். வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் அது முழுதாக வற்றுவதில்லை. பந்தயத்துக்கு அப்படகு உதவாது. குடும்ப உலாவுக்கும் மிதவைத் திறன் குறைந்ததாகவே இருக்கும். மேற்பரப்பை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்கே மெத்தென்று அமுங்குகிறதோ அங்கே உள்ளடுக்கு நைந்திருக்கிறது. லேசராக இருந்தால் பாய்மரம் நிற்கும் குழியில் நீரை நிரப்பி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடியில் விரிசல் உள்ளது என்று பொருள். அது பயணத்தின் நடுவே பாய்மரத்தையே சாய்த்துவிடக்கூடிய பழுது. பாய் கசங்கித் துணிபோலத் தொய்ந்திருந்தால் புதுப் பாயின் விலையையும் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள். காற்றறை மூடிகளின் ரப்பர் வளையம் மட்டும் வெடித்திருந்தால் கவலை வேண்டாம், எளிதில் மாற்றிவிடலாம்.