லண்டன் போட்டிச் சட்ட பாரிஸ்டர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விலையைப் பேசிவைத்து ஏற்றுவது, சந்தையைக் கையில் வைத்திருப்பவர் சிறியவர்களை நசுக்குவது, பெரிய நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவது என்று போட்டிச் சட்டத்தின் கீழ் பிரிட்டனில் நடக்கும் பெரிய வழக்குகளில் திரும்பத் திரும்ப அதே சில சேம்பர்ஸ்களின் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்களான பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகங்களின்) பெயர்தான் வருகிறது. சாலிசிட்டராக, அதாவது கட்சிக்காரருக்காக பாரிஸ்டரை அமர்த்தும் வழக்கறிஞராக, அந்த பாரிஸ்டர்களோடு சேர்ந்து வேலை செய்கிறவன் என்ற முறையில், இது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் மீது போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் (சிஎம்ஏ) விசாரணை தொடங்கியிருக்கிறது. இந்தத் துறையில் முதலிடத்தில் இருக்கும் சேம்பர்ஸ் எது? அங்கேயே போய்விடலாம் என்று பார்க்கிறோம்.

மூன்று பெயர்களை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எசெக்ஸ் தெருவில் இருக்கும் பிரிக் கோர்ட், கிரேஸ் இன் வளாகத்தின் ரேமண்ட் பில்டிங்ஸில் இருக்கும் மாங்க்டன், டெம்பிள் என்ற பகுதியில் இருக்கும் பிளாக்ஸ்டோன். வழக்கறிஞர்களைத் தரவரிசைப்படுத்தும் வழிகாட்டிகளிலும் வருடாவருடம் இவைதான் முன்னால் நிற்கின்றன. இந்த வழக்குகளை விசாரிக்கும் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர்களாக இருந்தவர்களில் சர் ஜெரால்ட் பார்லிங் பிரிக் கோர்ட்டிலிருந்தும், அவருக்குப் பின் வந்த சர் பீட்டர் ராத் மாங்க்டனிலிருந்தும் நீதிபதியானவர்கள். ராத்துக்கு அடுத்து வந்த சர் மார்கஸ் ஸ்மித் ஃபவுன்டன் கோர்ட்டைச் சேர்ந்தவர். ஒன் எசெக்ஸ் கோர்ட், மேட்ரிக்ஸ் ஆகியவற்றிலும் இந்த வேலையை நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் சேம்பர்ஸின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஆளைப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். அதற்கு முன், உங்கள் வழக்கு எந்த வகை என்று தெரிய வேண்டும். நீங்கள் சட்டத்தை மீறிவிட்டீர்கள் என்று சிஎம்ஏ முடிவு செய்து அபராதம் போட்டால், அது உலகளாவிய விற்றுமுதலில் 10 சதவீதம் வரை போகலாம். அதை எதிர்த்து இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே சாட்சிகள், கணக்குகள் எல்லாவற்றையும் முழுமையாக ஆராய்வார்கள். நிறுவன இணைப்பைத் தடுத்த முடிவு என்றால் நான்கு வாரம்தான் அவகாசம். அங்கே தீர்ப்பாயம் பார்ப்பது சிஎம்ஏ நியாயமாகவும் சட்டப்படியும் நடந்துகொண்டதா என்பதை மட்டுமே. முதல் வகைக்குப் பொருளாதார நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர் வேண்டும். இரண்டாவது வகைக்கு, அரசு அமைப்புகளின் முடிவுகளை எதிர்த்து வாதாடிப் பழகியவர் வேண்டும். இரண்டும் கைவந்தவர்கள் உண்டு, ஆனால் குறைவு.

ஆளை எப்படி எடை போடுவது? தீர்ப்பாயத்தின் இணையதளத்துக்குப் போங்கள். ஒவ்வொரு தீர்ப்பின் முன்பக்கத்திலும் யாருக்காக யார் ஆஜரானார், எந்த சாலிசிட்டர் அவரை அமர்த்தினார் என்று இருக்கும். பல விசாரணைகளின் சொல்லுக்குச் சொல்லான பதிவும் இலவசமாகக் கிடைக்கிறது. பொருளாதார நிபுணர் சாட்சி சொன்ன ஒரு நாளை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் படித்துப் பாருங்கள். நிபுணர் தன் புள்ளியியல் மாதிரிக்குள் ஒளிந்துகொள்ளப் பார்க்கும்போது, 'இந்த ஒரு எண்ணை எடுத்துவிட்டால் உங்கள் முடிவு நிற்குமா?' என்று எளிய வார்த்தைகளில் கேட்டு அவரை வெளியே இழுப்பவர் யார், சுற்றிச் சுற்றி வந்து களைத்துப்போகிறவர் யார் என்று சட்டம் படிக்காதவருக்கும் புரிந்துவிடும். வழிகாட்டிப் புத்தகங்களின் பாராட்டு வரிகளை விட இந்தப் பதிவுகள் பல மடங்கு நம்பகமானவை. நேரில் பார்க்க வேண்டுமென்றால், ஃப்ளீட் தெருவுக்குப் பக்கத்தில் சாலிஸ்பரி சதுக்கத்தில் இருக்கும் தீர்ப்பாயத்தில் பொதுமக்களும் உட்காரலாம்.

கேள்வி: எங்கள் பாரிஸ்டரும் எதிர்த்தரப்பு பாரிஸ்டரும் ஒரே சேம்பர்ஸ் என்று இப்போதுதான் தெரிந்தது. இது எப்படிச் சரியாகும்? மாற்றச் சொல்லலாமா?

நம் ஊரில் ஒரு சீனியரின் சேம்பர் என்றால் அவரும் அவருடைய ஜூனியர்களும் ஒரே அணி. அந்த நினைப்போடு பார்த்தால் இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். லண்டன் சேம்பர்ஸ் அப்படி இயங்குவதில்லை. அங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தொழில் செய்கிறவர். வாடகை, வழக்குகளையும் கட்டணத்தையும் கவனிக்கும் கிளார்க்குகளின் சம்பளம், நிர்வாகச் செலவு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வருமானத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை. ஒருவர் தோற்றால் அடுத்த அறைக்காரருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

போட்டிச் சட்டத்தில் இது அடிக்கடி நடக்கக் காரணம், இந்த வேலையில் ஊறியவர்கள் சில இடங்களிலேயே குவிந்திருப்பதுதான். வால்டர் மெரிக்ஸ் மாஸ்டர்கார்டு மீது தொடுத்த வழக்கைப் பாருங்கள். சுமார் 4.6 கோடி நுகர்வோர் சார்பில் 1,400 கோடி பவுண்டு கேட்ட வழக்கு. அது உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது மெரிக்ஸ் தரப்பில் மாங்க்டனின் பால் ஹாரிஸோடு பிரிக் கோர்ட்டின் மரி டெமெட்ரியு நின்றார். மாஸ்டர்கார்டு தரப்பை வழிநடத்திய மார்க் ஹாஸ்கின்ஸும் பிரிக் கோர்ட்தான். நாட்டின் மிகப் பெரிய நுகர்வோர் வழக்கு ஒன்றில் ஒரே வாசல் வழியாக வேலைக்கு வருகிற இருவர் எதிரெதிரே நின்றார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. 2020 டிசம்பரில் வந்த தீர்ப்பு மெரிக்ஸுக்குச் சாதகமாக அமைந்து, அதற்குப் பின் வந்த எல்லாக் கூட்டு வழக்குகளுக்கும் வழி திறந்தது.

2023-இல் மைக்ரோசாஃப்ட், வீடியோ கேம் நிறுவனமான ஆக்டிவிஷனை வாங்குவதை சிஎம்ஏ தடுத்தபோது மூன்று பெரிய சேம்பர்ஸும் ஒரே வழக்கில் வந்து சேர்ந்தன. மைக்ரோசாஃப்டுக்கு மாங்க்டனின் டேனியல் பியர்ட், ஆக்டிவிஷனுக்கு பிளாக்ஸ்டோனின் டேவிட் பானிக், சிஎம்ஏவுக்கு பிரிக் கோர்ட்டின் டேவிட் பெய்லி. கடைசியில் கிளவுட் கேம் உரிமைகளை யூபிசாஃப்ட் என்ற இன்னொரு கேம் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்து, அந்த அக்டோபரில் அனுமதி வாங்கினார்கள். வழக்கு முழு விசாரணைக்குப் போகவே இல்லை.

உங்கள் கவலையில் நியாயமான பகுதி ஒன்று உண்டு: காகிதங்கள். கிளார்க்குகள் பொதுவானவர்கள், கணினி அமைப்பும் பொதுவானது. அதனால் சீனியர் கிளார்க்கிடம் நேராகக் கேளுங்கள். எங்கள் வழக்கைக் கவனிக்கும் கிளார்க் யார், எதிர்த்தரப்பைக் கவனிப்பவர் யார், எங்கள் கோப்புகளை யாரெல்லாம் திறக்க முடியும் என்று. நல்ல சேம்பர்ஸில் இதற்குத் தயாராக எழுத்தில் பதில் வைத்திருப்பார்கள். வியாபார ரகசியங்களுக்குத் தீர்ப்பாயமே ரகசியக் காப்பு வளையம் ஒன்றை அமைக்கும். அதில் பெயர் எழுதப்பட்டு, உறுதிமொழி கொடுத்தவர்கள் மட்டுமே அந்த ஆவணங்களைப் பார்க்கலாம். அந்தப் பட்டியலை உங்கள் சாலிசிட்டரிடம் வாங்கி ஒரு தடவை நீங்களே படித்துவிடுங்கள்.

மாற்றத் தேவையில்லை. எதிரில் இருப்பவரின் பழக்கவழக்கங்களை உங்கள் ஆள் நன்றாக அறிந்திருப்பார், அது உங்களுக்கும் உதவும்.

கேள்வி: லண்டனில் சின்னதாக ஆன்லைன் கடை நடத்துகிறேன். சொன்ன விலைக்குக் குறைவாக விற்றால் சரக்கு தரமாட்டோம் என்று தயாரிப்பாளர் மிரட்டுகிறார். நேராக ஒரு பாரிஸ்டரிடம் போக முடியுமா?

முதலில் ஒரு விஷயம்: உங்கள் பக்கம் நியாயம் மட்டுமில்லை, சட்டமும் இருக்கிறது. கடைக்காரர் எந்த விலைக்கு விற்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கட்டாயப்படுத்துவது 1998-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் முதல் அத்தியாயத்தின் கீழ் வருகிற சட்டமீறல். ஆன்லைன் தள்ளுபடியைத் தடுத்ததற்காக கிட்டார் தயாரிக்கும் ஃபெண்டருக்கு 2020 ஜனவரியில் சிஎம்ஏ 45 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது.

நேரடியாக பாரிஸ்டரை அமர்த்தும் வசதி 2004 முதல் இருக்கிறது. ஆலோசனை கேட்கவும், தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி வாங்கவும் அது போதும். வழக்கு என்று போனால்தான் தொல்லை. தனி அனுமதி பெற்ற சிலரைத் தவிர, பாரிஸ்டர்கள் மனு தாக்கல் போன்றவற்றை உங்களுக்காகச் செய்ய முடியாது. ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களைத் தேடி எடுத்து ஒப்படைக்கும் கட்டம் வரும்போது, கடையையும் பார்த்துக்கொண்டு இதையும் தனியாகச் சமாளிக்க முடியாது.

தீர்ப்பாயத்தில் சிறிய வழக்குகளுக்கு விரைவு வழி ஒன்று இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் விசாரணை தொடங்க வேண்டும், தோற்றவர் கொடுக்க வேண்டிய செலவுக்கு உச்சவரம்பு வைப்பார்கள். சாக்ரடீஸ் டிரெய்னிங் என்ற சின்னப் பயிற்சி நிறுவனம், சாலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டியையே இந்த வழியில் எதிர்த்து 2017-இல் வென்றது. இந்த வழி இன்னும் அதிகம் பேருக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

நான் சொல்லும் வரிசை இதுதான். மிரட்டல் வந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப், போன் பேச்சின் தேதி எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள். சிஎம்ஏவுக்குப் புகார் எழுதுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. அப்புறம் ஒரு ஜூனியர் பாரிஸ்டரிடம் ஒரு மணி நேர ஆலோசனை. உங்கள் வழக்குக்கு கிங்ஸ் கவுன்சல் பட்டம் பெற்ற மூத்த பாரிஸ்டர் தேவையில்லை. ஐந்தாறு வருட அனுபவம் உள்ள ஜூனியர் இதை இன்னும் கவனமாகப் பார்ப்பார்.

கேள்வி: கட்டணத்தை யாரிடம் பேசுவது? பாரிஸ்டரிடமே கேட்கலாமா?

கிளார்க்கிடம் பேசுங்கள். பாரிஸ்டரிடம் கேட்டால் அவரே கிளார்க்கிடம்தான் அனுப்புவார். மணிக்கணக்குக் கட்டணம், விசாரணைக்கான மொத்த ப்ரீஃப் கட்டணம், முதல் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் தனியாக 'ரெஃப்ரெஷர்' என்று இருக்கும். 20 சதவீத வாட் வரியும் சேரும்.

கவனிக்க வேண்டியது ப்ரீஃப் கட்டணம் எந்தத் தேதியில் கட்டாயமாகிறது என்பது. பெரிய வழக்குகள் விசாரணைக்கு முந்தைய வாரங்களில்தான் சமரசமாகும். தேதி தாண்டிவிட்டால், ஒரு நாள்கூட வாதாடாமல் போனாலும் கட்டணம் கொடுத்தாக வேண்டும். அதைப் படிப்படியாக, இத்தனை வாரம் முன்பு கால் பங்கு, அப்புறம் பாதி என்று பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: சென்னையில் சட்டம் முடித்துவிட்டு இரண்டு வருடமாக வழக்கறிஞராக இருக்கிறேன். இந்த சேம்பர்ஸ்களில் சேர முடியுமா?

முடியும். ஆனால் வாசல் குறுகலானது, அதைத் தெரிந்துகொண்டே முயற்சி செய்யுங்கள். வெளிநாட்டில் தகுதி பெற்ற வழக்கறிஞர் என்று, பாரிஸ்டர்களை ஒழுங்குபடுத்தும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டிடம் விண்ணப்பித்தால், உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து எதிலிருந்து விலக்கு, எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்று சொல்வார்கள். லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் ஆகிய நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக வேண்டும். பிறகு பியூபிலேஜ் என்ற ஒரு வருடப் பயிற்சி. முதல் ஆறு மாதம் ஒரு மூத்தவரின் அருகில் இருந்து கற்பது, அடுத்த ஆறு மாதம் சொந்தமாகவும் ஆஜராகலாம். அது முடிந்து சேம்பர்ஸ் ஏற்றுக்கொண்டால்தான் நிரந்தர இடம்.

போட்டிச் சட்ட சேம்பர்ஸ் ஒவ்வொன்றும் வருடத்துக்கு மிகச் சிலரையே பயிற்சிக்கு எடுக்கின்றன. பொதுவாக ஆண்டுத் தொடக்கத்தில் விண்ணப்பம், மே மாதத்தில் முடிவு. எழுத்தில் தெளிவு, வாதத்தில் நேர்மை, எண்களைக் கண்டு பயப்படாத மனம் ஆகியவற்றைத்தான் தேடுகிறார்கள். பொருளாதாரத்தில் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபுணர் அறிக்கையைப் படித்து, அதில் எந்த அனுமானத்தின் மேல் முழுக் கட்டடமும் நிற்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

உங்களிடம் மற்ற விண்ணப்பதாரர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, இந்தியச் சட்டம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அடுத்த மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தொகையை உறுதி செய்தது, கூடவே ஆணையம் போட்ட சில கட்டளைகளை நீக்கியது. லண்டனில் 2025 அக்டோபரில் ஆப் ஸ்டோர் கமிஷன் வழக்கில் ஆப்பிளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இந்த இரண்டு தீர்ப்புகளும் ஆதிக்க நிலையை எப்படி நிறுவின என்று பத்துப் பக்கத்தில் ஒப்பிட்டு எழுதுங்கள். நேர்காணலில் உங்களிடம் பேசுவதற்கு அவர்களுக்கு உண்மையான விஷயம் கிடைக்கும்.

கூடவே இன்னொரு வழியையும் திறந்து வையுங்கள். சாலிசிட்டர் நிறுவனங்கள், சிஎம்ஏ, டெல்லியில் இருக்கும் இந்தியப் போட்டி ஆணையம் ஆகிய இடங்களிலும் இதே சட்டத்தை இதே ஆழத்தில் செய்யலாம். சில வருடம் அங்கே இருந்துவிட்டு பாரிஸ்டரானவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: ரயில் டிக்கெட் வழக்கில் எனக்கும் பணம் வரலாம் என்று மின்னஞ்சல் வந்தது. நான் வழக்கறிஞர் வைக்க வேண்டுமா?

வேண்டாம். 2015 அக்டோபரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட கூட்டு வழக்குகளில் பிரிட்டனில் வசிப்பவர்கள் விலகுகிறேன் என்று சொல்லாதவரை தானாகவே சேர்ந்துவிடுகிறார்கள். வாதாடுவதை வழக்கின் பிரதிநிதி பார்த்துக்கொள்வார்.

ஆனால் பணம் தானாக வராது. ஒரு ரயில் நிறுவனம் 2.5 கோடி பவுண்டு வரை தர ஒப்புக்கொண்ட சமரசத்தில், பயணிகள் கேட்டு வாங்கியது வெறும் 2.16 லட்சம் பவுண்டு அளவுதான். எனக்கு இது மனத்தை உறுத்துகிற விஷயம். பல வருடம் போராடிப் பெற்ற தொகை, உரியவர்கள் ஒரு படிவம் நிரப்பாததால் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. எல்லா வழக்கும் வெல்வதும் இல்லை. பிடி என்ற தொலைபேசி நிறுவனத்தின் மீதான லே பட்டூரெல் வழக்கு முழு விசாரணைக்குப் பின் 2024 டிசம்பரில் தள்ளுபடியானது. உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் இருக்கும் வழக்கின் பெயரைத் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் தேடுங்கள். அங்கே இருந்தால் உண்மையான வழக்கு. படிவத்துக்குக் கடைசித் தேதி கொடுத்திருந்தால், பழைய டிக்கெட் ரசீதுகளையோ வங்கிக் கணக்கு விவரத்தையோ எடுத்து வைத்துக்கொண்டு அதற்குள் நிரப்பிவிடுங்கள்.