குறட்டை நடுவில் நின்றுபோனால்…

கேள்வி: என் கணவருக்கு வயது 47. ஈரோட்டிலிருந்து பெங்களூருக்கு ஜவுளி ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார். குறட்டை கல்யாணமான நாளிலிருந்தே உண்டு, பழகிவிட்டது. ஆனால் ஒரு வருடமாக அது நடுவில் சட்டென நின்றுவிடுகிறது, மூச்சே இல்லாததுபோல் கிடக்கிறார், அப்புறம் உடம்பு தூக்கிப்போட மூச்சை இழுக்கிறார். காலையில் கேட்டால் "நல்லாத்தானே தூங்கினேன்" என்கிறார். பகலில் சாப்பிட்ட தட்டுக்கு முன்னாலேயே கண் அசருகிறது. பிரஷருக்கு மூன்று மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. ஆள் ஒல்லிதான். ஸ்லீப் ஸ்டடி (தூக்கப் பரிசோதனை) தேவையா?
– வாசகி, ஈரோடு

பதில்: கட்டாயம் தேவை சகோதரி, தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது ஸ்லீப் அப்னியாவின், அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயின் அடையாளம். குறட்டைச் சத்தத்தைவிட இடையில் வரும் அந்த அமைதிதான் எனக்குக் கவலை தருகிறது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது, நெஞ்சு ஏறி இறங்கினாலும் காற்று உள்ளே போவதில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அவரை அரைகுறையாக எழுப்பி மூச்சு விட வைக்கிறது. இப்படி ஒரே ராத்திரியில் நூறு முறைகூட நடக்கலாம், ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் இருக்காது. அதனால் "நல்லாத் தூங்கினேன்" என்று அவர் சொல்வது பொய்யில்லை. சாட்சி நீங்கள்தான்.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். விளக்கைப் போட்டு, முகமும் நெஞ்சும் தெரிகிற மாதிரி செல்போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதைத்தான் அப்னியா என்கிறோம். பத்து நிமிடம் வாயால் விளக்குவதைவிட அந்த வீடியோ டாக்டருக்கு அதிகம் சொல்லும். காலையில் தலைவலி, வாய் வறட்சி, ராத்திரியில் இரண்டு மூன்று தடவை சிறுநீருக்கு எழுவது (பலர் இதைச் சர்க்கரை என்று நினைத்துவிடுகிறார்கள்) இவையும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர் என்றாலே, வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், நாங்கள் இந்த நோயைத் தேடுவோம்.

ஒல்லியாக இருப்பதால் தைரியம் வேண்டாம். தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருந்தால் மெலிந்தவர்களுக்கும் வரும், ஆசியர்களிடம் இது சகஜம்.

நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். வீட்டிலேயே செய்கிற பரிசோதனை உண்டு: விரலில் ஒரு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பெல்ட், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைத்துத் தலையிலும் ஒயர் ஒட்டிச் செய்வது முழுப் பரிசோதனை. இதய பலவீனம், பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. வீட்டுப் பரிசோதனை நார்மல் என்று வந்தாலும் நீங்கள் சொன்ன அறிகுறிகள் இருக்கும்போது நான் அத்தோடு விடமாட்டேன், முழுப் பரிசோதனைக்கு அனுப்புவேன். மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசானது, 30க்கு மேல் கடுமையானது.

கடுமையாக இருந்தால் முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்து தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் சிபேப் மெஷின் தருவார்கள். சிட்னியில் 1981இல் அறிமுகமான சிகிச்சை இது. முதல் சில நாள் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும், முகமூடியின் அளவை மாற்றிப் பார்த்தாவது விடாமல் போடச் சொல்லுங்கள்.

அதுவரை ராத்திரி வண்டி வேண்டாம். வருமானம் பாதிக்கும், தெரிகிறது. ஆனால் ஸ்டியரிங்கில் வருகிற கண் அசதி டீயிலும் முகம் கழுவுவதிலும் போகாது. மதுவும், டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்தும், அறவே கூடாது.

கேள்வி: ஆறு வயது மகன் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குகிறான். வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார் மாமியார்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சளி பிடித்தபோது மட்டும் என்றால் விடலாம். தினமும் என்றால் டான்சிலோ, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ வீங்கியிருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைகளுக்கு மணிக்கு ஒரு தடவை மூச்சு தடைபட்டாலே கவனிக்க வேண்டியதுதான். அவர்கள் பெரும்பாலும் பகலில் தூங்கி வழிய மாட்டார்கள், மாறாக ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று இருப்பார்கள். படுக்கை நனைப்பது நின்றுபோய்த் திரும்ப ஆரம்பித்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.