உடைந்த வீடியோவுக்குள் ஒரு ராக்கெட்: கேள்வி பதில்

2014-இல் அமெரிக்க ராக்கெட் கம்பெனியான ஸ்பேஸ்எக்ஸ் வெளியிட்ட, பார்க்கவே முடியாத ஒரு வீடியோவை முன்பின் தெரியாத ஆட்கள் இணையத்தில் கூடிச் சரிசெய்தார்கள் என்று போன வாரம் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வீடியோ எடிட்டிங் பிழைப்பில் இருப்பவன், அந்த வேலையில் எனக்குப் பங்கு இல்லை. கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு, அவர்கள் போன வழியிலேயே போய் இரண்டு மூன்று ஃபிரேம்களை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களை, திருத்திப் பார்த்தேன். என் தகுதி அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, அது என்ன வீடியோ? அதில் அப்படி என்ன விசேஷம்?

2014 ஏப்ரல் 18 அன்று கேப் கனாவரலிலிருந்து ஃபால்கன் 9 ராக்கெட் ஒன்று, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பியது. சிஆர்எஸ்-3 என்று அந்தப் பயணத்துக்குப் பெயர். கால்கள் பொருத்தப்பட்டுப் பறந்த முதல் ஃபால்கன் 9 அதுதான். சரக்கை மேலே அனுப்பிவிட்டு, அடிப்பகுதி திரும்பி வந்து அட்லாண்டிக் கடலின் மேல் நின்ற வாக்கில் மெதுவாக இறங்க வேண்டும் என்பது திட்டம். தரையில் இறக்குவதற்கு முன்னால் ஒரு ஒத்திகை.

அதற்கு முந்தைய முயற்சி 2013 செப்டம்பரில் நடந்தது. அப்போது ராக்கெட் தன்னைத்தானே சுற்றத் தொடங்கி, எரிபொருள் தொட்டியின் ஓரத்துக்கு ஒதுங்கிவிட, இன்ஜின் அணைந்துவிட்டது. இந்த முறை இறங்கியது என்று எண்கள் சொல்லின. தண்ணீரைத் தொட்ட பிறகும் சில விநாடிகள் கணினி தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனால் கடல் கொந்தளிப்பாக இருந்ததால் படகு போய்ச் சேருவதற்குள் ராக்கெட் போய்விட்டது. கண்ணால் பார்த்த சாட்சி என்று மிஞ்சியது, ராக்கெட்டின் மேலிருந்த கேமரா அனுப்பிய வீடியோ மட்டும்தான். அதுவும் திறந்து பார்த்தால் சாம்பலும் பச்சையுமாகக் கட்டங்கள்!

கேள்வி: இவ்வளவு பெரிய கம்பெனி. வீடியோ ஏன் சார் கெட்டுப்போனது?

வீட்டில் டிடிஎச் வைத்திருக்கிறீர்களா? மழை வலுத்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சீரியல் நாயகியின் முகம் பாதி இங்கும் பாதி அங்கும் போகுமே, அதே சங்கதிதான். ராக்கெட் கடல் மட்டத்துக்கு வரும்போது கரையிலிருந்து பார்த்தால் அது தொடுவானத்துக்குக் கீழே இருக்கும். சிக்னலை நடுக்கடலுக்கு மேலே ஒரு விமானத்தில் இருந்துகொண்டுதான் பிடிக்க வேண்டியிருந்தது. வானிலையும் மோசம். வீடியோ என்பது 0, 1 என்ற பிட்டுகளின் வரிசைதான். வந்து சேர்ந்த பிட்டுகளில் நிறைய 0 இருக்க வேண்டிய இடத்தில் 1, 1 இருக்க வேண்டிய இடத்தில் 0.

கேள்வி: நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். ஆங்காங்கே சில பிட்டுகள் மாறினால் ஆங்காங்கே சில புள்ளிகள்தானே கெட வேண்டும்? படமே ஏன் போக வேண்டும்?

நல்ல கேள்வி தம்பி. முழு விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அந்த வீடியோ எம்பெக்-4 முறையில் சுருக்கப்பட்டது. ஒரு ஃபிரேம் 704க்கு 480 புள்ளிகள். அதை 16க்கு 16 புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டுவார்கள், மேக்ரோபிளாக் என்று பெயர். வரிசைக்கு 44, மொத்தம் 30 வரிசை, ஆக ஒரு ஃபிரேமுக்கு 1320 சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை பிட் என்று கணக்குக் கிடையாது. அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறியீடு. இரண்டுக்கும் நடுவே இடைவெளியும் இல்லை. ஒன்று எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

பழைய ஓலைச்சுவடியை நினைத்துக்கொள். சொல்லுக்குச் சொல் இடம் விடாமல், புள்ளிகூட வைக்காமல் எழுதியிருப்பார்கள். 'தாமரை' என்பதைப் பூ என்றும் படிக்கலாம், 'தா, மரை' என்று தாவும் மான் என்றும் பிரிக்கலாம். ஓரிடத்தில் தப்பாகப் பிரித்துவிட்டால் அடுத்த சொல்லும் தப்பாகும், அதற்கடுத்ததும் தப்பாகும். இங்கேயும் அதுதான். ஒரு பிட் புரண்டால் அந்தச் சதுரம் மட்டும் போகாது, அதற்குப் பின்னால் வரும் சதுரங்கள் எல்லாம் குளறுபடியாகும்.

இன்னும் இரண்டு வம்பு உண்டு. ஒரு சதுரத்தின் நிறத்தை நேரடியாக எழுதுவதில்லை, பக்கத்துச் சதுரத்தைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்றுதான் எழுதுவார்கள். ஒன்று தப்பாகப் பச்சையானால் அதன் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் பச்சை வழிந்துகொண்டே போகும். அப்புறம், முழுப் படமாக வருவது ஐ-ஃபிரேம் எனப்படும் சில ஃபிரேம்கள் மட்டும். நடுவில் வரும் பி-ஃபிரேம்களில் முந்தைய படத்திலிருந்து என்ன நகர்ந்தது, என்ன மாறியது என்பதே இருக்கும். ஐ-ஃபிரேம் கெட்டால் அடுத்த ஐ-ஃபிரேம் வரும்வரை எல்லாமே கெட்ட படத்தின் மேல் கட்டிய வீடுதான்.

இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. பின்னால் வரும் பிட்டுகளில் பெரும்பாலானவை சரியாகவே வந்து சேர்ந்திருக்கலாம். தொலைந்துபோனது படம் இல்லை, படிக்கும் இடம்.

கேள்வி: சரி, அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சாஃப்ட்வேர் செய்ததா, ஆட்கள் செய்தார்களா?

இரண்டும். ஏப்ரல் கடைசியில் ஸ்பேஸ்எக்ஸ் அந்தக் கோப்பை அப்படியே பொதுவில் வைத்து, முடிந்தவர்கள் உதவுங்கள் என்று கேட்டது. நாசாஸ்பேஸ்ஃபிளைட் என்ற தளத்தில் கூடும் விண்வெளிப் பைத்தியங்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பெயரில் நாசா இருந்தாலும் அது நாசாவின் தளம் இல்லை.

முதலில் வெளி உறை. வீடியோ 188 பைட் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) கொண்ட பொட்டலங்களாக வரும். ஒவ்வொரு பொட்டலமும் 01000111 என்ற ஒரே பைட்டில்தான் தொடங்க வேண்டும். பொட்டலத்தின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்பில் இது வீடியோவா வேறா என்று சொல்லும் எண்ணும், 0 முதல் 15 வரை சுற்றிச் சுற்றி வரும் வரிசை எண்ணும் இருக்கும். ஆக, தலைப்பு எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்ததை வைத்துக் கெட்டதைத் திருத்தினார்கள். இது ஓரளவு இயந்திர வேலை.

அப்புறம்தான் கை வேலை. எஃப்எஃப்எம்பெக் என்று எல்லோரும் பயன்படுத்தும் இலவச மென்பொருள் இருக்கிறது. அதை, சொன்னபடி கேட்கும்படி மாற்றினார்கள். 'இத்தனையாவது வரிசையில் இத்தனையாவது சதுரம், கோப்பின் இந்த பிட்டிலிருந்து தொடங்குகிறது, நிறத்தை இவ்வளவு கூட்டு' என்று கட்டளை கொடுக்கலாம். ஃபிரேமைத் திறந்தால் மேலே நாலு வரிசை ஒழுங்காக இருக்கும், ஐந்தாவதில் குப்பை தொடங்கும். தொடங்கும் இடத்தில் ஒரு பிட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். சரியாகவில்லையா, அடுத்த பிட். அதுவும் இல்லையா, கொஞ்சம் தாண்டிப் போய் அங்கிருந்து படிக்கச் சொல்வார்கள். தப்பான இடம் என்றால் வண்ண வண்ணமாக இரைச்சல் வரும். சரியான இடத்தில் விழுந்தால் திடீரென்று கடல் தெரியும்! ஆனால் பத்துச் சதுரம் தள்ளி, ஊதாப்பூ நிறத்தில் தெரியும். அதை நகர்த்தி உரிய இடத்தில் வைத்து, நிறத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து இறக்க வேண்டும்.

நானும் ஒரு ஃபிரேமோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். சாயங்காலம் அரை வரிசை தேறியது. வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இதற்காகவே ஒருவர் உலாவியில் ஓடும் கருவி செய்து கொடுத்தார். எண்ணை மாற்றினால் உடனே படம் மாறும். அது வந்த பிறகு நிரல் எழுதத் தெரியாதவர்களும் இறங்கினார்கள். ஃபிரேம்களைப் பங்கு போட்டுக்கொண்டு, கண்டுபிடித்த எண்களைப் பொதுவில் எழுதி வைத்தார்கள். ஒருவர் தூங்கப் போகும்போது விட்ட இடத்திலிருந்து வேறு கண்டத்தில் இன்னொருவர் தொடர்வார். வாரக்கணக்கில் இப்படி ஓடியது. நிறைய பேர் எட்டிப் பார்ப்பார்கள், கடைசிவரை நிற்பவர்கள் சிலர்தான். இந்த மாதிரி வேலை எல்லாவற்றிலும் அப்படித்தான்.

கேள்வி: காசு பண்ணும் கம்பெனிக்கு இவர்கள் ஏன் இலவசமாக உழைக்க வேண்டும்? சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடியாதா?

உங்கள் கோபம் புரிகிறது. நானும் இலவசமாக எடிட் செய்து தரச் சொல்லிக் கேட்பவர்களைக் கண்டால் தெருவை மாற்றிப் போகிறவன்தான். ஆனால் இதில் இரண்டு விஷயம். கம்பெனியின் ஆட்களும் தங்களால் முடிந்தவரை சுத்தம் செய்து ஒரு பதிப்பு வெளியிட்டார்கள், அதில் சில நொடிகள் தவிர ஒன்றும் தெரியவில்லை. ராக்கெட் செய்கிறவருக்கு எம்பெக்-4 குறியீட்டின் ஒவ்வொரு பிட்டும் அத்துப்படியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது தெரிந்தவர் எங்கோ வேறொரு வேலையில் இருப்பார். கோப்பைத் திறந்து வைத்ததால்தான் அவர் வந்தார்.

இன்னொன்று, அவர்கள் மாற்றியமைத்த மென்பொருளும், எண்களும், முறையும் எல்லோர் கண்முன்னாலும் கிடந்தன. எனக்குப் பாடம் கிடைத்தது அங்கிருந்துதான். கூலி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ராக்கெட் கால் விரிப்பதை முதன்முதலில் பார்ப்பவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், அந்த ராத்திரி சம்பளக் கணக்கு ஞாபகம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

கேள்வி: கடைசியில் என்ன தெரிந்தது?

கால்கள் விரிவது, கடல் நெருங்கி வருவது, இன்ஜின் நெருப்பில் தண்ணீர் கலங்கித் தெறிப்பது. தெளிவு சுமார்தான், ஆனால் நடந்தது என்ன என்று யாருக்கும் விளங்கும். 2015 டிசம்பரில் கேப் கனாவரல் தரையிலேயே ஒரு ஃபால்கன் இறங்கிக் காட்டியது, 2016 ஏப்ரலில் கடலில் மிதக்கும் மேடையில் இன்னொன்று இறங்கியது. அதற்கப்புறம் இந்த வீடியோவை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

கேள்வி: இன்றைக்கு ஏஐ இருக்கிறதே. ஒரு பட்டனைத் தட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்குமே?

அழகான வீடியோ கிடைத்திருக்கும். அந்த ராக்கெட்டின் வீடியோ கிடைத்திருக்காது.

புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்திருக்கின்றன. உ.வே.சா. 1894-இல் பதிப்பித்தபோது சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே காட்டினார். அவருக்கு இருந்த புலமைக்கு ஓர் அடி எழுதிச் சேர்ப்பது பெரிய காரியமா? செய்யவில்லை. அதனால்தான் மிச்சம் இருப்பதை நம்பிப் படிக்கிறோம். ஏஐ செய்வது அந்த அடியை எழுதிச் சேர்க்கும் வேலை. ஆயிரம் ராக்கெட் படம் பார்த்த அனுபவத்தில், இங்கே கால் இப்படித்தான் இருக்கும் என்று வரைந்துவிடும். கால் விரிந்ததா இல்லையா என்பதுதான் கேள்வியே. அதை வரைந்து காட்டினால் என்ன பிரயோஜனம்?

அந்தத் தன்னார்வலர்கள் திருத்திய ஃபிரேமில் ஒரு சதுரம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். கோப்பின் இன்ன பிட்டிலிருந்து வந்தது என்று பதில் இருக்கும். நிறத்தைக் கண் மதிப்பில் சரிசெய்தது மட்டுமே ஊகம். தேறாத சதுரத்தைச் சாம்பலாகவோ முந்தைய படத்திலிருந்ததாகவோ விட்டார்கள்.

ஏஐ வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த பிட் புரண்டிருக்கும் என்று ஊகித்துச் சோதிக்க அதை வைத்துக்கொள்ளலாம். கல்யாண வீடியோவில் இரைச்சல் குறைக்க நானே பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரிஜினலைத் தனியே பத்திரமாக வைத்துவிட்டுத்தான்.

கேள்வி: அப்போலோ 11 நிலவு வீடியோவையும் இப்படி மீட்கலாமா?

முடியாது. நிலவிலிருந்து விநாடிக்கு 10 ஃபிரேம், 320 கோடுகள் என்ற தனி முறையில் வந்ததைப் பதிந்த மூல நாடாக்கள் பின்னாளில் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசாவே தேடிப் பார்த்து முடிவுக்கு வந்தது. 2009-இல் 40ஆம் ஆண்டுக்கு வெளியிட்டது, தொலைக்காட்சிக்காக மாற்றிய பிரதிகளில் நல்லதாகப் பார்த்துப் புதுப்பித்தது. ராக்கெட் வீடியோவில் பிட்டுகள் இருந்தன, இங்கே நாடாவே இல்லை.

கேள்வி: பெண்ணின் காதுகுத்து வீடியோ எடுக்கும்போது போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. கோப்பு 2 ஜிபி இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது. வழி உண்டா அண்ணா?

பெரும்பாலும் உண்டு தங்கச்சி, கவலைப்படாதீர்கள். எம்பி4 கோப்பில் எந்த ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்று ஓர் அட்டவணை இருக்கும். பல போன்கள் அதை ரெக்கார்டிங் முடித்த பிறகுதான் எழுதும். உங்கள் போன் எழுதுவதற்குள் அணைந்துவிட்டது. படம் உள்ளே இருக்கிறது, பொருளடக்கம் மட்டும் இல்லை.

அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து அட்டவணையைத் தானே கட்டும். அதற்கு முன் செய்ய வேண்டியது, கோப்பை அப்படியே கணினிக்கு நகல் எடுப்பது. நகல் எடுக்கும்வரை அந்த போனில் புதிதாக எதுவும் எடுக்காதீர்கள். முயற்சி எல்லாம் நகலின் மேல்தான்.

கேள்வி: எங்கள் கல்யாண விஎச்எஸ் கேசட், 1993-இல் எடுத்தது, வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கடைக்காரர் போட்டுப் பார்க்கலாம் என்கிறார்.

போட விடாதீர்கள் அக்கா. அது பூஞ்சை. பிளேயரில் ஓடவிட்டால் ஹெட்டில் ஒட்டும், நாடாவைக் கிழிக்கும், அடுத்து அதே பிளேயரில் போடும் கேசட்டுக்கும் தொற்றும். நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, பிறகு ஒரே ஒரு தடவை ஓட்டி, அந்த ஓட்டத்திலேயே டிஜிட்டலாகப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். அதுவரை கேசட்டை ஈரமில்லாத இடத்தில், மற்றக் கேசட்டுகளோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.