கோல்ஃப் மைதானத்துப் பனிப்பாதையில் நடக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் தியடோர் வர்த் பூங்காவுக்கு அருகில் குடியிருக்கிறோம். கோடையில் கோல்ஃப் ஆடும் இடத்தில் இப்போது ஸ்கீ பாதைகள், அதாவது காலில் நீண்ட பலகைகளை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கிச் செல்வதற்கான பாதைகள், போட்டிருக்கிறார்கள். சென்ற ஞாயிறன்று, மதுரையிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரையும் எட்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு அந்தப் பாதையில் நடந்தோம். எதிரே வந்த ஒருவர், இங்கே நடக்கக் கூடாது என்று கடிந்துகொண்டார். பொதுப் பூங்காவில் நடப்பதற்கு ஏன் தடை? எங்கேதான் நடப்பது? மைதானத்துக் குளம் உறைந்திருக்கிறது, அதன்மேல் நடக்கலாமா?

பதில்: அவர் சொன்ன விதம் உங்களைப் புண்படுத்தியிருக்கலாம், ஆனால் சொன்ன விஷயம் சரியானதே. அந்தப் பாதை வானத்திலிருந்து விழுந்தபடியே கிடக்கும் பனி அல்ல. இயந்திரம் கொண்டு பனித்துகள்களை நொறுக்கி, கலந்து, அழுத்திச் சமன்செய்கிறார்கள். அதன்பின் சில மணி நேரத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. காலையில் வருபவர்களுக்குப் பாதை உறுதியாக இருக்க வேண்டும் என்பதால்தான் இந்த வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. நம் ஊர் வீடுகளில், பூசிய சிமெண்ட் தரை காய்வதற்குள் கோழி நடந்துபோன தடத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் பார்க்கலாம் அல்லவா? இதுவும் அப்படித்தான். ஸ்கீ அணிந்தவரின் எடை நீண்ட பலகை முழுவதும் பரவுகிறது. நடப்பவரின் எடையோ ஒரு காலணி அளவுக்குள் இறங்குகிறது. அப்படி விழும் குழியின் விளிம்பு பகல் வெயிலில் ஈரமாகி, இரவில் உறைந்து, மறுநாள் கல்லைப்போல் ஆகிவிடும். பாதையின் ஓரமாக ஓடும் இரட்டைக் கோடுகளைக் கவனித்திருப்பீர்கள். அவற்றுக்குள் பலகையை வைத்துச் சரிவில் இறங்கிவருபவரால் சட்டென்று விலக முடியாது. பலகையின் முனை அந்தக் குழியில் சிக்கினால் அவர் தலைகுப்புற விழுவார்.

இந்தப் பூங்காவில் வேறொரு காரணமும் உண்டு. இயற்கைப் பனி போதாதபோது இங்கே நீரையும் அழுத்தக் காற்றையும் பீய்ச்சிப் பனியைத் தயாரிக்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் ரத்தான உலகக் கோப்பை ஸ்கீ போட்டி, 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இங்கு நடந்தது. அந்தக் குளிர்காலத்தில் பனிப்பொழிவு மிகக் குறைவாக இருந்ததால், பாதையைக் காப்பாற்றியது பெரும்பாலும் இந்தத் தயாரித்த பனிதான். செலவும் உழைப்பும் போட்டு உருவாக்கிய பாதை என்பதால்தான் ஸ்கீ செய்பவர்களும் அனுமதிச்சீட்டு வாங்கவேண்டியிருக்கிறது.

ஸ்கீ பாதையை விட்டுவிட்டு மைதானத்தில் வேறெங்கும் நடக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் பனிக்கு அடியில் உள்ள புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1916 முதல் கோல்ஃப் ஆடப்படும் இடம் இது. கொடி நட்டுக் குழி வைத்திருக்கும் பகுதியை, அதாவது கிரீனை, ஆட்டக் காலத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைப்பார்கள். தளர்வான பனி அந்தப் புல்லுக்குப் போர்வை. அதைத் திரும்பத் திரும்ப மிதித்தால் அது இறுகிப் பனிக்கட்டித் தகடாகிறது. தகடு நீண்ட நாள் மூடியிருந்தால் புல்லுக்குக் காற்றோட்டம் நின்றுபோகிறது. மேலும், மிதித்து இறுகிய பனி வசந்தத்தில் தாமதமாகக் கரைவதால், பனிக்கு அடியில் வளரும் பூஞ்சணத்துக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. மேல்மண் இளகி, அடிமண் உறைந்தே இருக்கும் நாள்களில் நடப்பது எல்லாவற்றிலும் கெடுதல், ஏனெனில் அப்போது வேரே அறுந்துபோகும். ஆகவே கிரீனையும், ஆட்டம் தொடங்கும் மேடுகளையும் விலக்கிச் செல்லுங்கள். கயிறு கட்டியிருந்தால் அது உங்களுக்காகக் கட்டியதுதான்.

நீங்கள் நடப்பதற்கு ஏற்றவை, பூங்காச் சாலையை ஒட்டிச் செல்லும் தார்ப்பாதையும், ஸ்னோஷூ, அதாவது பனியில் கால் புதையாதபடி காலணிக்கு அடியில் மாட்டும் அகலமான சட்டம், அணிந்து நடப்பதற்கென்று தனியாகக் குறித்துள்ள வழிகளும். ஸ்னோஷூவைப் பூங்காவில் 2018-இல் திறக்கப்பட்ட டிரெயில்ஹெட் என்னும் கட்டடத்திலேயே வாடகைக்கு எடுக்கலாம். உங்கள் மகன் பத்து நிமிடத்தில் பழகிவிடுவான். மாமியாருக்குத் தார்ப்பாதையே போதும், காலணிக்கு மேல் மாட்டும் இரும்புப் பற்களோடு. பனி வழித்த தார்ப்பாதையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டிதான் முதியவர்களை அதிகம் வழுக்கிவிடுகிறது. ஸ்கீ பாதையைக் கடக்க நேர்ந்தால் இரு பக்கமும் பார்த்து நேர்குறுக்காகக் கடந்துவிடுங்கள். சரிவின் அடிவாரத்தில் நின்று படம் எடுப்பதைத் தவிருங்கள்.

குளத்தைப் பொறுத்தவரை என் பதில், வேண்டாம் என்பதே. தெளிந்த பனிக்கட்டி குறைந்தது நான்கு அங்குலம் தடித்திருந்தால்தான் ஒருவர் நடக்கலாம் என்று மினசோட்டா மாநில இயற்கை வளத் துறை சொல்கிறது. வெள்ளையாகத் தெரியும் பனிக்கட்டிக்கு வலு ஏறக்குறைய பாதிதான் என்பதால் இருமடங்கு தடிமன் வேண்டும். எந்தப் பனிக்கட்டியும் முழுப் பாதுகாப்பானது அல்ல என்பதும் அத்துறையின் எச்சரிக்கையே. கோல்ஃப் மைதானக் குளங்கள் ஏரிகளைவிட நம்பத்தகாதவை. சாலையில் தூவிய உப்பு கலந்த நீர் வந்து சேரும். வாய்க்கால் நுழையும் இடத்தில் அடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த மைதானத்தின் ஊடே பாசெட் ஓடை செல்கிறது. ஓடும் நீரின்மேல் பனிக்கட்டி ஓரிடத்தில் தடிப்பாகவும், இரண்டடி தள்ளி மெல்லியதாகவும் இருக்கக்கூடும். மேலே பனி மூடியிருந்தால் அந்த வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது.

திறந்த வெளி என்பதால் மைதானத்தில் தெருவைவிடக் காற்று கடுமையாக வீசும். காற்றின் குளிர்ச்சியையும் சேர்த்துக் கணக்கிட்ட வெப்பநிலை மைனஸ் 28 டிகிரி செல்சியஸ் ஆனால், மூடாத தோல் அரைமணி நேரத்தில் உறையக்கூடும். அன்று மாமியாரை அழைத்துச் செல்ல வேண்டாம். மற்ற நாள்களில் பருத்தித் துணிக்குப் பதிலாகக் கம்பளியோ செயற்கை இழையோ உடலை ஒட்டி இருக்கட்டும். டிசம்பர் கடைசியில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவதால், மதிய உணவு முடிந்த கையோடு கிளம்பிவிடுங்கள்.