வொர்க் பெர்மிட்டில் வந்த பத்தமடைத் தம்பிக்கு

தம்பி, கப்பல் பட்டறை வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, வொர்க் பெர்மிட்டில் இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் அம்மா நெய்கிற கோரைப் பாயை இங்கே விற்கச் சின்னதாக ஒரு கடை போட்டால் சிங்கப்பூர் அரசாங்கம் உதவுமா, இல்லை பத்தமடையிலேயே அம்மா பேரில் ஆரம்பித்தால் மானியம் கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி. நான் கடையநல்லூர்க்காரன். வந்து பல வருஷம் ஆகி, பிஆர் (நிரந்தரவாசம்) வாங்கி, இங்கே கடை வைத்திருக்கிறேன்.

இங்கே கடை உங்களுக்கு ஆகாது. வொர்க் பெர்மிட்காரர் எந்த வியாபாரமும் நடத்தக் கூடாது. தெரிந்தால் பெர்மிட் போய்விடும், திரும்பி வரவும் முடியாமல் போகலாம். இங்கே நம்மவர்கள் கூடும் தேக்காவில் யாராவது, "பேர் என்னுடையது, பணம் உன்னுடையது" என்று பேச வருவார்கள். இங்கத்து ஆளுக்குத் தனிநபர் வணிகம் பதிய 115 வெள்ளிதான் ஆகும், அதனால் சுலபமாகச் சொல்வார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன் ஒருவன் அப்படிப் பணத்தைப் போட்டான். தகராறு வந்தபோது புகார் கொடுக்கக்கூட வழியில்லை, கொடுத்தால் முதலில் மாட்டுவது அவன்தான்.

இந்த நாட்டில் உதவி நிறைய உண்டு, பொய்யில்லை. என்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பு மூலம் கடைக்கு மென்பொருள், கருவி வாங்கினால் செலவில் 50 சதவீதம் வரை மானியம் தருகிறார்கள். ஆனால் நிறுவனத்தில் 30 சதவீதப் பங்காவது குடிமக்கள் அல்லது பிஆர் கையில் இருக்க வேண்டும். அதுவும் நாம் முழுப் பணத்தையும் கட்டி, ரசீது காட்டிய பிறகுதான் பாதி திரும்பி வரும்.

ஊரிலும் அதே கதைதான். இதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம் மானியம். பத்தமடை பேரூராட்சி, அது எதில் சேரும் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிடுங்கள். 35 என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். 10 லட்சம் ரூபாய்த் திட்டம் என்றால் அம்மா 5 சதவீதம், அதாவது 50,000 போட வேண்டும். மீதி 9.5 லட்சமும் வங்கிக் கடன். மூன்றரை லட்சம் மானியம் வங்கிக்கு வரும், உங்கள் கைக்கு வராது. அது 3 வருஷம் வைப்பாக இருக்கும், அந்த அளவு கடனுக்கு வட்டி கிடையாது. தொழில் நடக்கிறதா என்று வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். இடையில் மூடிவிட்டால் மானியமும் போச்சு.

இன்னொன்று, அது புதுத் தொழிலுக்கு மட்டும். முதலில் ஆரம்பித்துவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் தள்ளிவிடுவார்கள்.

அம்மாவுக்கு என்னைக் கேட்டால் அவ்வளவு பெரிய கடன் வேண்டாம். பட்டுப்பாய் ஒன்று முடிய எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மாதத் தவணை அதற்கெல்லாம் காத்திருக்காது. தமிழக அரசு 2024-ல் கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டம் பொருந்தும் என்று நினைக்கிறேன். 25 கைத்தொழில்களில் பாய் பின்னுவதும் ஒன்று, 35 வயது ஆகியிருந்தால் போதும். கடன் 3 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000. வட்டியிலும் 5 சதவீதம் அரசு ஏற்கும். பரம்பரைத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாததால் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தனியாக விண்ணப்பிக்கலாம். கோரையும் நூலும் மொத்தமாக வாங்கிப் போட அந்தப் பணம் போதுமே. கடனுக்குப் போகுமுன் இந்தத் திட்டங்கள் நடப்பில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆட்சியோடும் நிதியாண்டோடும் இதெல்லாம் மாறும்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை உடனே செய்துவிடுங்கள். அது இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். கணினிக் கடையில் ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். வங்கியில் பிணை கேட்டால், சிறு தொழிலுக்குக் குறைந்தது 10 லட்சம் வரை பிணை வாங்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லலாம். மேலாளர் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார், அது வேறு விஷயம்.

விற்பனைக்குத்தான் எந்தத் திட்டமும் ஆள் தராது. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, தமிழக அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்களும் கைவினைஞர்களிடம் வாங்குகின்றன. பிளாஸ்டிக் பாய் விலையோடு மோதாமல், கல்யாணப் பாய், பெயர் நெய்த பாய் என்று ஆர்டர் பிடிக்கிறவர்கள்தான் நிற்கிறார்கள். இங்கிருந்து சம்பளத்தில் ஒரு பகுதியை அம்மாவின் பங்குத் தொகைக்கென்று தனிக் கணக்கில் சேர்த்து வாருங்கள்.

அம்மாவின் வயது, ஏதாவது மகளிர் குழுவிலோ நெசவாளர் சங்கத்திலோ இருக்கிறார்களா, பழைய கடன் பாக்கி உண்டா, இந்த மூன்றையும் எழுதுங்கள். எந்தப் படிவம் முதலில் என்று சொல்கிறேன்.