கழுகு வேண்டாம், டீ சொல்லுங்கள்

கேள்வி: கம்பெனியில் ஆட்குறைப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே திரும்பினாலும் கெட்ட சேதிதான். சாயங்காலம் டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவது ஒன்றே ஆறுதல். நம்பிக்கை வருகிற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்களேன்? (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: நாலு வார்த்தை சொல்வதற்கென்றே ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். கோட் போட்டு, காதோரம் மைக் மாட்டி, மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள். போனதும் கழுகுக் கதைதான். 40 வயதில் கழுகுக்கு அலகு வளைந்து நகம் மழுங்கிவிடுமாம். மலை உச்சிக்குப் பறந்துபோய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொண்டு, புதுசு முளைக்கிற வரைக்கும் 150 நாள் காத்திருந்து, அப்புறம் இன்னும் 30 வருஷம் வாழுமாம். சுத்தப் புளுகு. அலகு உடைந்த கழுகு இரையைக் கிழிக்க வழியில்லாமல் பட்டினியில் செத்துப்போகும், கதை அதோடு சரி. ஏற்கெனவே மூக்குடைபட்டு வந்து நிற்கிற மனுஷனிடம், பாறையைத் தேடிப் போய் மிச்சத்தையும் உடைத்துக்கொள் என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ! அதற்கு டிக்கெட் வேறு. கழுகுக்காவது அந்தச் செலவில்லை.

உங்கள் கேள்வியில் உருப்படியான விஷயம் டீக்கடைதான். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது வீட்டில் பாலும் டீத்தூளும் இருந்தன. இருந்தும் சாயங்காலம் நாலு மணியானால் ஜனம் தவித்துப்போனது. தவிப்பு டீக்கு அல்ல, நிற்பதற்கு ஓர் இடத்துக்கு. நம் அரசாங்கமோ குடிமக்களின் ஆறுதலைத் தன் வழியில் புரிந்துகொண்டது. மே 7ஆம் தேதி சென்னை நீங்கலாக டாஸ்மாக்கைத் திறந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கி 16ஆம் தேதி மறுபடி திறந்துவிட்டார்கள். டீக்கடைக்காக எவரும் டெல்லி வரைக்கும் போகவில்லை. மே 11 முதல் பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். பார்சல் டீ என்றால் பாலிதீன் பையில் ஊற்றி நூல் கட்டுவது. அந்தப் பையை 2019 ஜனவரி முதல் தேதியே தடை செய்தவர்களும் இவர்கள்தான்! கடைசியில் தூக்குவாளிதான் கை கொடுத்தது.

இந்த டீயே கஷ்ட காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டதுதான். 1930களில் உலகமெங்கும் மந்தம், தேயிலை விலை விழுந்தது. 1933இல் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டி ஒப்பந்தம் போட்டார்கள். மிஞ்சுகிற தேயிலையை எங்கே தள்ளுவது? நம் தலையில் கட்டினார்கள். இலவசமாகவே போட்டுக் கொடுத்துப் பழக்கினார்கள். தோட்ட முதலாளியின் ஆறுதலுக்காக ஆரம்பித்த சமாசாரம்.

உங்கள் கடையில் கல்லாவுக்கு மேலே ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று போர்டு இருக்கும். அதற்கு நேர் கீழே ஆணியில் சணல் கட்டி ஒரு நீள நோட்டுத் தொங்கும். முழுப் பெயர் எவருக்கும் இருக்காது. ‘லாரி ஆபீஸ்’, ‘கண்ணாடி’, ‘மாடி வீடு’ என்று எழுதி, பக்கத்தில் டீக்கு ஒரு கோடு. அதில் உங்களுக்கு ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். வங்கிக்காரர் சம்பளச் சீட்டு கேட்பார், ஜாமீன் கேட்பார். டீ மாஸ்டர் கேட்பது ஸ்ட்ராங்கா, லைட்டா என்பது மட்டும்தான். இந்த ஆள் அடுத்த மாசமும் இதே தெருவில் இருப்பான், கையில் காசும் புரளும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் கோடு கிழிக்கிறார். மேடையில் இருப்பவர் உங்களை நம்பச் சொல்கிறார். இவர் உங்களை நம்பித் தொலைத்திருக்கிறார்.

எனவே கடையில் சும்மா நிற்காதீர்கள், வேலை போன விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். சிப்காட்டில் எந்த கம்பெனி ஆள் எடுக்கிறது என்பது பேப்பரில் வருவதற்கு முன்னால் பெஞ்சில் வந்துவிடும். கணக்கை முடித்து அனுப்பினார்களா? ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பினால் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுங்கள், அனுபவச் சான்றிதழ் நன்றாகத் தருகிறோம் என்று கொஞ்சினால் கையெழுத்துப் போடாதீர்கள். நாலு வார்த்தைதானே கேட்டீர்கள்: நஷ்டஈடு, கிராஜுவிட்டி, பி.எஃப்., டீ.

நாலாவதாகக் காபியைப் போடாததற்கு வழக்கம்போலக் கும்பகோணத்திலிருந்து கடிதங்கள் வரும். ஓசூர் நெடுஞ்சாலையிலேயே கும்பகோணம் டிகிரி காபி போர்டு எத்தனை என்று முதலில் எண்ணிவிட்டு எழுதட்டும். அத்தனை கடைக்கும் பால் கறக்க அந்த ஊரில் மாடு இருக்கிறதா என்பதற்கும் அவர்களேதான் பதில் சொல்ல வேண்டும்.